வெள்ளை காஸுக்குப் பச்சைப் பெயின்ற்

1

கல்லடியில் ஒரு கராஜின் மூலையில் பழைய காஸ் சிலிண்டர் ஒன்று கிடக்கிறது. பச்சை நிறம். அதன் தோளில் நகத்தால் சுரண்டிய ஒரு கீறல், கீறலுக்குள் வெள்ளை. யாருடைய நகம் என்று கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “1965இன் கொதிக்கும் சித்திரையில் வாவி மீன்களும் வியர்த்து...” [மீன் எப்படி வியர்க்கும்? அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: சிறில் மெக்கானிக்குக் கலியாண ஆசை வந்தது. இது பரவாயில்லை, இருக்கட்டும்.

2

சிறில் விரும்பியது றீற்றாவை. றீற்றாவும் அவனைத்தான் விரும்பினாள். இடையில் நின்றவர் அவளுடைய தகப்பன், அரிசி ஆலைக்கார மத்தேயு.

தோட்டத்துரை ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது விற்ற காரை மத்தேயு வாங்கியிருந்தார். உள்ளே குளிரூட்டி வைத்த கார் எங்கள் பக்கத்தில் அதுதான் முதல். ஆனால் குளிரூட்டி அனல்காற்றைத்தான் ஊதியது.

“இதக் குளிர வையி மனே. மறுகா கலியாணத்தப் பறைவம்” என்றார் சிறிலிடம்.

[மறுகா: எங்கள் ஊர்ச் சொல். ‘பிறகு’ என்றும் பொருள், ‘திரும்பவும்’ என்றும் பொருள். நழுவ நினைப்பவர்கள் வாயில் ‘இந்த ஜென்மத்தில் இல்லை’ என்றும் பொருள்.]

3

சிறில் சோப்புத் தண்ணீர் பூசி, கசிந்து நுரை கிளம்பிய குழாய் மூட்டு ஒன்றை இறுக்கி, உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். இனி காஸ் அடிக்க வேண்டும். அவனிடம் இரண்டு சிலிண்டர்கள். வெள்ளையில் பன்னிரண்டாம் நம்பர் காஸ், காருக்கு உரியது. பச்சையில் இருபத்திரண்டு, ரவுண் சந்தையில் மீன் வைக்கும் குளிரறைக்கு உரியது. அதைக் காருக்கு அடித்தால் அமுக்கம் ஏறிக் குழாய் வெடிக்கும்.

மத்தேயுவோ பச்சைக் கட்சிக்காரர். ஆலைக் கதவு முதல் சட்டைப்பையில் மடித்த கைலேஞ்சி வரை பச்சை.

“வெள்ளையா? அது செத்த வீட்டுக் கொடி மனே. பச்சய அடி.”

“ஐயா, காஸுக்குக் கட்சி இல்ல.”

“எல்லாத்துக்கும் கட்சி இரிக்கி.”

[இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? எனக்கே சந்தேகம் வந்து மத்தேயுவைக் கதையிலிருந்து தூக்கப் பார்த்தேன். பிறகு, தேர்தல் முடியும்வரை பச்சை மிளகாய் கடிக்க மாட்டேன் என்று நின்ற ஓர் எதிர்க்கட்சிக்காரர் நினைவுக்கு வந்தார். மத்தேயு இருக்கட்டும்.]

4

வழி சொன்னவள் றீற்றா.

“காஸ் உள்ளுக்கத்தானே இரிக்கி? வெளிய என்ன கலரா இரிந்தா என்ன?”

ஆலைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைக் கொண்டுவந்து, வெள்ளைச் சிலிண்டருக்குத் தன் கையாலேயே பூசினாள்.

கார் குளிர்ந்தது. மத்தேயு கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் பவனி போனார். கூப்பிட்டவர்களின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. “பெரிய மனிசனுக்குக் காது அடைச்சிட்டு” என்று ஊர் பேசியது.

இங்கேயே கலியாணத்தை முடித்துவிடலாம். ஆனால் அந்த மூட்டு மறுபடியும் கசிந்ததே, நான் என்ன செய்ய?

5

மத்தேயு றீற்றாவையும் ஏற்றிக்கொண்டு சிறிலின் கராஜ் கொட்டில் வாசலில் வந்து நின்றார். “மறுகா கொஞ்சம் அடி மனே.” [இங்கே ‘திரும்பவும்’.]

கொட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பச்சைச் சிலிண்டர்கள். எது எது?

[அமுக்கமானியை வைத்தால் தெரியுமே என்று மெக்கானிக் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். மாமனார் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது நீங்கள் வைத்துப் பாருங்கள்.]

சிறில் குருட்டுத் துணிச்சலில் ஒன்றைத் தூக்கிக் குழாயைப் பூட்டினான். பெயின்ற் பூசிய றீற்றாவுக்குத் தன் கைவேலை தெரியாதா? பேசாமல் இருந்தால் குழாய் வெடிக்கும். பக்கத்தில் நிற்பது அப்பாவும் அவனும். பேசினால் பொய் வெடிக்கும். அவள் ஒரு கணம்...

[அந்தக் கணத்தை எழுதத் தெரியவில்லை.]

காரைவிட்டு இறங்கி வந்தாள். மற்றச் சிலிண்டரை நகத்தால் சுரண்டினாள். வெள்ளை தெரிந்தது.

“இதுதான். கையில இரிக்கிறதக் கீழ வைங்க.”

மத்தேயு கீறலைப் பார்த்தார். மகளின் நகத்தில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் வெள்ளையிலயா குளிர்ந்த நான்?”

“ஓம் மாமா” என்றான் சிறில். பயத்தில் ‘ஐயா’ மறந்து போயிற்று.

6

மத்தேயு அவனைக் கட்டித் தழுவுவதாக ஒரு முடிவு எழுதினேன். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மகளை இழுத்துக்கொண்டு போவதாக இன்னொன்று. அதற்கு அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சிறில் சரியான காஸை அடித்து முடித்தான். கார் குளிர்ந்தது. றீற்றா பின்னால் ஏறினாள். சிறில் முன்கதவுக் கண்ணாடியருகே குனிந்தான்.

“அந்தக் கலியாணக் கத...”

“மறுகா...” என்று தொடங்கினார் மத்தேயு. குளிர் வெளியே போகிறதே என்று கண்ணாடியையும் ஏற்றினார். உள்ளே அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நகத்துப் பெயின்றைச் சுரண்டிக்கொண்டிருந்த றீற்றாவின் கை சட்டென்று நின்றது.

நானும் சிறிலும் வெளியே வெயிலில் நிற்கிறோம். மூன்றில் எந்த ‘மறுகா’ என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பின்கதவு இன்னும் பூட்டவில்லை. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.