பின்சீட்டில் பிரிந்த பனியன்

அவிநாசி ரோட்டு நெரிசலில் கார் மாட்டிக்கொண்டது. பின்சீட்டில் பெல்ட்டுக்குள் கிடந்த இரண்டு வயது யாழினி, சலித்துப்போய் நகம் கடித்தாள்.

"வேண்டாஞ்சாமி" என்று, காரை ஓட்டிவந்த அப்பா மகுடேஸ்வரன், பனியன் ஆர்டர் கொடுக்கும் பையருக்குக் காட்டவேண்டிய ஒரே சாம்பிள் பனியனை அவளிடம் கொடுத்தான். அவள் காலர் நூலைப் பிடித்து இழுத்தாள். பனியன் பிரிந்தது. பிடுங்கினால் மறுபடி நகம்! இழுத்த நூலையெல்லாம் அவள் முன்சீட்டின் மேல் வளையம் வளையமாக வீச, அவன் கழுத்தோடு சேர்த்துச் சீட்டில் கட்டுண்டு போனான்.

பையர் ஆபீஸ் வாசலில் மேனேஜர் வந்து கார்க் கதவைத் திறந்தார். "சாம்பிள் எங்கீங்க?"

"எம்மேலதானுங்க சுத்தியிருக்குது."

மேனேஜர் நூலைச் சுற்றிச்சுற்றி அவிழ்த்தார். "பாப்பா இத்தன இழுத்தும் நூலு எங்கயுமே அறுந்துபோகலையேங்க! ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா, இனி எல்லாச் சாம்பிளையும் பாப்பாவே இழுத்துப் பாக்கோணும்."

மகுடேஸ்வரன் நகத்தைக் கடித்தான்.