கிணற்றடிக் கேமரா

சகாரியாவின் வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்த அன்றைக்கே ஊருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ஏணி மேல் நின்றவள் அவருடைய ஒரே மகள் அக்சேனியா. கையில் டிரில், வாயில் திருகாணி, தோளில் ஒயர் சுருள். ரொட்டி வாங்கப் போன சனம் ரொட்டியை மறந்துவிட்டு வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தது. அந்த ஊர்ப் பெண்கள் திராட்சைத் தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகக் குழி வெட்டுகிறவர்கள்தான். குழி வெட்டலாம், சுவரில் ஓட்டை மட்டும் போடக்கூடாது. ஊர் நியாயம் அப்படி.

அக்சேனியா தலைநகர் கிஷினாவில் ஒரு கம்பெனிக்குப் பல வருஷம் கேமரா மாட்டினவள். வங்கி, மருந்துக்கடை, பணக்காரர்களின் பங்களா என்று அவள் ஏறாத சுவர் இல்லை. இனி யாருக்கோ மாட்டுவானேன், சொந்தமாகச் செய்வோம் என்று ஊருக்குத் திரும்பினாள். திரும்பினவளுக்கு ஒரு வீடுகூட வேலை தரவில்லை. கடை வைத்திருக்கும் ஸினோவியா, சாமான் வாங்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினாள்: பொம்பளை மாட்டின கேமரா தெருவில் போகிற மாப்பிள்ளையைத்தான் பார்க்குமாம், திருடனைப் பார்க்காதாம். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

சகாரியா சிரிக்கவில்லை, கெடு வைத்தார். குளிர்காலத் தொடக்கத்தில் வரும் புனித ஆந்திரேய் திருநாள் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் ஊரில் நாலு பேர் அவளை நம்பி வேலை கொடுத்தால் சரி. இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இத்தாலிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில் ஏறிவிட வேண்டியது. பொலோன்யாவில் இருக்கும் சித்தி அங்கே ஒரு படுத்த படுக்கைக் கிழவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தாள். அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். அடுத்தவர் வீட்டுக் கிழவரைக் குளிப்பாட்டியே அவர்களுக்கு வயது போனது. அக்சேனியாவுக்கு அந்த வேனில் ஏற இஷ்டமில்லை. அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை, நம் வீட்டிலேயே மாட்டிக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"உன் கேமரா, உன் ஏணி. சுவரு மட்டும் என்னோடது. பாத்து ஓட்டை போடு" என்றார் சகாரியா. ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது போதாதென்று வலேரியு வந்து சேர்ந்தான். ஊரிலேயே பெரிய ஆட்டுப்பட்டி அவனுடையது, இளவட்டங்களுக்குத் தலைவனும் அவன்தான். ஆந்திரேய் ராத்திரி வந்தால் கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டு வாசல் கேட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது ஒளித்து வைப்பது அங்கே இளவட்டங்களின் பாத்தியதை. மறுநாள் பெண்ணைப் பெற்றவர் ஒயின் ஊற்றி கேட்டை மீட்க வேண்டும். கேட் காணாமல் போனால் வீட்டுக்குப் பெருமை, போகாவிட்டால்தான் தலைகுனிவு. வலேரியு ஸினோவியாவின் கடையில் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொன்னான்.

"இந்த வருஷம் சகாரியா மாமா வீட்டு கேட்டுதான். கேமராவுக்கு முன்னாடியே தூக்குவோம். எங்க மூஞ்சியில ஒண்ணையாவது நீ காட்டிட்டா, எங்க வீடு அத்தனையிலும் நீயே வந்து மாட்டு. காட்டலேன்னா பேசாம வேன்ல ஏறிடு தாயி, மானமாவது மிஞ்சும்."

"சரி" என்றாள் அக்சேனியா. மேலே பேசினால் குரல் நடுங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கேமரா மாட்டத் தெரியாதவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கூரைக்குக் கீழே எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, வீடே பத்திரம் என்று தூங்கப் போவார்கள். அந்த உயரத்திலிருந்து தெரிவது தொப்பி, தொப்பியை விட்டால் தோள்பட்டை. அந்த ஊர் ஆண்களின் ஆட்டுத்தோல் தொப்பியோ பானையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும், அதற்குக் கீழே மனுஷன் இருக்கிறானா என்பதே சந்தேகம். ஆகவே கேட் தூணில் ஒன்றைத் தாழ்வாக வைத்தாள். நிலவறை வாசலில் ஒன்று, திராட்சைப் பந்தலின் கட்டையில் ஒன்று. பந்தலில் வைத்ததைக் காலை வெயில் நேராக வந்து குருடாக்கியதால் அதைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாற்றினாள். கோழிக்கூட்டின் சேவல் நடந்த போதெல்லாம் ஆள் வந்துவிட்டதென்று போன் கத்தியது. கேமராவின் பார்வையைச் சேவலின் கொண்டைக்கு மேலே உயர்த்தினாள்.

எல்லாம் சரி. ஆனால் வருகிறவர்கள் தொப்பிக்கு மேலே துண்டைச் சுற்றி மூஞ்சியை மூடிக்கொண்டு வருவார்கள். எத்தனை தாழ்வாக வைத்தாலும் துண்டுக்குள் புகுந்து பார்க்கிற கேமராவை இதுவரை யாரும் செய்யவில்லை. அக்சேனியா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து பிளம் ஜாம் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே தெருவைப் பார்த்தாள்.

அவர்கள் நிலத்தின் மூலையில், தெருவை ஒட்டி, ஒரு கிணறு. அதன் பக்கத்தில் தகரக் கூரையின் கீழே சிலுவையில் கர்த்தர். தபால்காரி சைக்கிளிலிருந்து இறங்கினாள், சிலுவை போட்டுக்கொண்டாள், ஏறிப் போனாள். பள்ளிக்கூட வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். சற்று நேரத்தில் வலேரியுவே டிராக்டரில் வந்தான். குளிருக்குத் துண்டால் தலையோடு காதோடு கட்டியிருந்தான். டிராக்டரை நிறுத்தினான், துண்டை அவிழ்த்தான், தொப்பியை எடுத்தான், வலது தோளுக்கும் இடது தோளுக்குமாகக் கையைக் கொண்டுபோய்க் கும்பிட்டான். மறுபடி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனான். யோசித்துச் செய்ததில்லை, மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரி கை தானாகப் போய் வந்தது. கேட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்க இந்தக் கிணற்றடியை விட்டால் வேறு வழி கிடையாது, மேற்குப் பக்கம் ஓடைப் பள்ளம்.

அக்சேனியா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். கடைசிக் கேமராவைக் கிணற்றடித் தகரக் கூரையின் தூணில், மார்பு உயரத்தில், சிலுவைக்கு முன்னால் நிற்பவனின் முகத்தைப் பார்க்கும்படி வைத்தாள். அவளுடைய அம்மா அகாபியா வாளியோடு வந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏண்டி, சாமிக்கே காவலா?"

"சாமி பாத்துக்குவாரும்மா. எனக்குச் சாட்சி சொல்ல ஆள் வேணும்ல" என்றாள் அக்சேனியா.

ஆந்திரேய் நாளுக்கு முந்தின சாயங்காலம் சகாரியா இடுப்பு வலி என்று சீக்கிரமே எழுந்து போய், முற்றத்தில் தனியாக இருக்கும் கோடைச் சமையலறைக் கட்டிலில் படுத்துக்கொண்டார். அக்சேனியாவும் போனை அணைத்துவிட்டுப் படுத்தாள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கு நானே நாயாகிவிடலாமே, கேமரா எதற்கு என்று அவளுக்கு ஒரு வீம்பு.

விடிந்தபோது கேட் இல்லை. இரண்டு தூண்கள் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி நின்றன. அகாபியாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்த வீட்டு கேட்டை ஆள் வந்து தூக்கி எத்தனை வருஷமாயிற்று! மாவு பிசையும்போதே பாட்டு வந்தது. சகாரியா வாசலில் நின்று, அடடா, அடடா என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் வலேரியு தன் கூட்டத்தோடு வந்தான், ஒயினுக்கும் வேடிக்கைக்கும் சேர்த்து. ஸினோவியா கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டாள். எல்லோரும் டி.வி.க்கு முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். அகாபியா சூடாகப் பாலாடைக்கட்டி அடையைச் சுட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். அக்சேனியா ரெக்கார்டர் பெட்டியை டி.வி.யோடு இணைத்தாள்.

கேட் தூண் கேமரா: திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பால் கொட்டின மாதிரி. அதில் நிழல் அசைந்தது, ஆளா ஆடா என்று தெரியவில்லை. நிலவறைக் கேமராவும் அப்படியே. பந்தல் கேமரா இன்னும் மோசம்.

வலேரியு கையைத் தட்டினான். நல்ல மூடுபனி, மாப்பிள்ளைகூடத் தெரியலையே என்றாள் ஸினோவியா. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அக்சேனியாவுக்குக் காது இரண்டும் சுட்டன. வேனின் கதவு திறந்து தன்னை உள்ளே இழுப்பது போல இருந்தது. வெளியே போய்ப் பந்தலில் ஏணியைச் சாய்த்து ஏறினாள். கேமராவின் கண்ணாடியில் பிசுபிசுவென்று என்னவோ. தொட்டு மோந்தாள். பூண்டு.

"அம்மா!"

அகாபியா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்றே அவளுக்குப் புரியவில்லை. ஆந்திரேய்க்கு முந்தின நாள் பேய் பிசாசு நுழையாமலிருக்க ஜன்னல், கதவு, சாவித்துவாரம் என்று எல்லாவற்றிலும் பூண்டு தேய்ப்பது ஊர் வழக்கம். வீட்டுக்குப் புதிதாகக் கண்கள் வைத்திருக்கிறாள் மகள், பேய் முதலில் நுழைவது கண் வழியாகத்தானே? ஆகவே ஒரு கண் விடாமல் நன்றாக அழுத்தித் தேய்த்திருந்தாள். நகரத்து அடுக்குமாடியில் இத்தனை வருஷம் இருந்துவிட்ட அக்சேனியாவுக்கு இது மறந்தே போயிருந்தது. இருட்டில் கேமரா தானாகப் போடும் வெளிச்சம் அந்தப் பிசுக்கில் பட்டுத் திரும்பி, எல்லாவற்றையும் பாலாக்கிவிட்டது.

அக்சேனியா ஏணியிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "கிணத்தடியில இருக்கிறதுக்கும் தேச்சியாம்மா?"

"அங்க எதுக்கு? சாமி நிக்கிறாரு. அவரத் தாண்டிப் பேய் வந்துருமா?"

அக்சேனியா ஏணியிலிருந்து இறங்கினாளா குதித்தாளா என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வந்து ரிமோட்டை எடுத்தாள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

கிணற்றடி கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்தது. முதலில் கேட் வந்தது, அதைச் சுமந்துகொண்டு மூஞ்சி மூடின உருவங்கள் வந்தன. சிலுவைக்கு நேராக வந்ததும் நின்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தார்கள். துண்டை அவிழ்த்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், வரிசையாக நின்று, நிமிர்ந்து, கேமராவை நேருக்கு நேர் பார்த்துச் சிலுவை போட்டார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனால்கூட இத்தனை பணிவாக நிற்கமாட்டார்கள். வலேரியு எல்லோரையும்விட அதிக நேரம் கும்பிட்டான், உதடு அசைவதுகூடத் தெரிந்தது.

ஸினோவியாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். இந்த முறை வலேரியுவைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என் கடையில் ஒன்று மாட்டிவிடுடி, நாளைக்கே மாட்டு என்றாள். வலேரியு முகம் சிவந்து தலையைச் சொறிந்தான்.

"தோத்தேன் தாயி. பட்டியில ஆரம்பி. சாமி கும்பிட்டவனைப் புடிச்சுக் குடுத்துட்டியே, இது அடுக்குமா?"

"திருடிட்டு வந்துதானே கும்பிட்ட?" என்றாள் அக்சேனியா. இந்த முறை குரல் நடுங்கவில்லை. கத்த வேண்டும், ஆட வேண்டும், சுவர் சுவராக ஏறி இறங்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சகாரியா ஒயின் கொண்டு வருகிறேன் என்று குடத்தோடு எழுந்தார். போதும், அணைத்துவிடு, மின்சாரம் வீண் என்றார். அவர் மின்சாரத்தைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. அக்சேனியா அணைக்காமல் திரையைப் பார்த்தாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் குள்ளமான ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். துண்டை அவிழ்த்தான். தொப்பியை எடுத்தான். வழுக்கை மின்னியது.

"ஐயோ கர்த்தரே" என்று அகாபியா கரண்டியைக் கீழே போட்டாள். "நம்ம கேட்டை நீயேவா திருடின?"

சகாரியா குடத்தோடு வாசற்படியில் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், வலேரியு மட்டும் தரையைப் பார்த்தான். அக்சேனியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன்னைத் தோற்கடிக்க, வேனில் ஏற்ற, அப்பாவே அவர்களோடு சேர்ந்திருக்கிறார்! ஏன் என்பது போல அவரைப் பார்த்தாள்.

சகாரியா குடத்தை மேஜையில் வைத்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"முந்தாநாளு கடையில பேசிக்கிட்டானுங்க. கேமராவுல மாட்டிக்குவோம், வேற வீட்டுக்குப் போவோம்னு. கடையில அடிச்ச சவடால் எல்லாம் காத்தோட போச்சு. நான் பட்டிக்குப் போயி வலேரியுகிட்டக் கெஞ்சினேன். ஆளு பத்தலேன்னான், நானும் ஒரு கை புடிக்கிறேன்டான்னேன்." மூச்சு வாங்கினார். "ஒருத்தனுமே வரலேன்னா, நீ யாரைம்மா புடிப்ப?"

அக்சேனியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய கேட்டின் துரு அந்த உள்ளங்கையில் இன்னும் ஒட்டியிருந்தது. அகாபியா கண்ணைத் துடைத்துக்கொண்டே பொலோன்யாவுக்குப் போன் போட்டாள். அந்தக் கிழவருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லு, என் பொண்ணுக்கு ஊர் நிறைய வேலை கிடக்கிறது என்று தங்கையிடம் கத்தினாள்.