கீழே போட்டாச்சா?

எதையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே நம்புவது அண்ணியின் வழக்கம். அடுப்பை அணைத்தால் குமிழைத் தொடுவார். கொட்டகையைச் சாத்தினால் தாழ்ப்பாளைத் தொடுவார். வெளியே புறப்படும்போது சாவி பைக்குள் இருப்பது தெரிந்தாலும், பையின் மேலேயே தடவி அதன் பற்களை உணர்ந்த பிறகுதான் வாசலைத் தாண்டுவார். கண் ஏமாறும், காது அதைவிட எளிதாக ஏமாறும், விரல் மட்டும் ஏமாறாது என்பது அவருடைய கட்சி.

மின்சாரம் போனால் மாட்டுக் கொட்டகைக்கு டிராக்டரைக் கொண்டு ஜெனரேட்டர் ஓட்டுவார்கள். அந்த நாட்களில் இந்த வழக்கம் உச்சத்துக்குப் போய்விடும். டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டோடு ஜெனரேட்டரை இணைத்து விட்டு, கொழுந்தன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அண்ணி சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையைக் காலால் அழுத்துவார். தண்டின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். தண்டை மூடிய உறையைத் தடவி, விரிசல் இல்லை என்று கண்ட பிறகு, தன் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுவார். தரையில் அடித்த எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். கடைசியாகக் கொட்டகையின் மறுகோடிக்கு நடந்து, மெயின் சுவிட்சின் கைப்பிடி கீழே இறங்கியிருப்பதைத் தொட்டுவிட்டு வருவார்.

"நாடி பிடிச்சுப் பார்த்தது போதும் அண்ணி, மருந்தையும் எழுதிக் குடுத்துடுங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பான் கொழுந்தன்.

"உன் வாய்க்கு ஒரு மருந்து இருந்தா முதல்ல அதை எழுதுவேன்" என்பார் அண்ணி. சொல்லிக்கொண்டே அடுத்த திருகாணியைத் தொடுவார்.

மெயின் சுவிட்சைத் தொடும் அந்தக் கடைசித் தொடுகைக்கு ஒரு காரணம் இருந்தது. ஜெனரேட்டரின் மின்சாரம் ஒரு கம்பிவடம் வழியாகக் கொட்டகையின் மின்பலகைக்கு வந்துசேரும். மெயின் சுவிட்ச் மேலே இருந்தால் அந்த மின்சாரம் கொட்டகையோடு நிற்காது; வெளி மின்சாரம் உள்ளே வரும் வழியாகவே வெளியேறிக் கம்பத்துக்கு ஏறிவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் அங்கே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அவர் கதி அதோடு முடிந்தது. இதைத் தடுக்கவே சேஞ்ச் ஓவர் என்ற சுவிட்ச் உண்டு. வெளி மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றைத்தான் அது உள்ளே விடும். அந்த வட்டாரத்து லைன்மேன் போன கோடையிலேயே எச்சரித்திருந்தார்: "அதை வைக்காம இந்த வண்டியை ஓட்டறதை இன்னொரு தடவை பார்த்தேன்னா, இணைப்பைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன்." வாங்கி மாட்டுகிறேன் என்று சொன்னவன் கொழுந்தன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே கோடை போய் மழை வந்து, மழையோடு புயலும் வந்துவிட்டது.

புயல் போன பிறகு மின்சாரம் வரவில்லை. டிராக்டர் சேற்றில் புதைந்து கிடந்தது. டீசல் கிடைக்கவில்லை. லாரி ஓட்டும் அண்ணியின் கணவர், உடைந்த பாலத்துக்கு அப்பால் மாட்டிக்கொண்டிருந்தார். கறவை இயந்திரத்துக்குப் பழகிய மாடுகளை அண்ணியும் கொழுந்தனும் கையால் கறந்தார்கள். கறந்து முடிப்பதற்குள் முதலில் கறந்த மாடு மறுபடி கத்தத் தொடங்கிவிடும். அண்ணியின் மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறாமல் போயிற்று. சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது விரல்கள் மடங்க மறுத்தன. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற அச்சத்தில் நின்றபடியே சாப்பிட்டார்.

அன்று காலை செவலைப் பசுவின் மடியைத் தொட்டார். ஒரு பக்கம் கல்லாக இறுகியிருந்தது. பீச்சியபோது பாலோடு மெல்லிய சிவப்பு இழை வந்தது. இன்னும் ஒரு வேளை சரியாகக் கறக்காவிட்டால் அந்த மடி போய்விடும். அதைப் பார்த்து அடுத்த மடிகளும் வரிசையில் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்தது.

நல்லவேளையாக அன்றுதான் டீசல் வந்தது. டிராக்டரையும் மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள்.

கொட்டகைச் சுவரிலிருந்து தள்ளி, புகை மாடுகளின் பக்கம் போகாத இடமாகப் பார்த்துக் கொழுந்தன் வண்டியை நிறுத்தினான். ஈரமண்ணில் ஜெனரேட்டரைத் தாங்கும் முட்டுக்கால் நிற்க மறுத்தது. இறக்கினால் புதைந்தது, தூக்கிப் பலகை வைத்தால் வழுக்கியது. தண்டை நேராக்கி இணைப்பதற்குள் அவன் முழங்கை வரை சேறாகிவிட்டான். அண்ணி கட்டையை அழுத்தினார், பூட்டை இழுத்தார், உறையைத் தடவினார், கம்பிவடத்தை மின்பலகையில் செருகினார். எர்த் கம்பிக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. பூமியே தண்ணீராகத்தான் இருந்தது.

மிச்சம் மெயின் சுவிட்ச். கொட்டகையின் மறுகோடிக்குப் போகும் வழி முழங்கால் ஆழச் சாணச் சேறாகக் கிடந்தது. அண்ணி அந்தச் சேற்றைப் பார்த்தார். செவலை கத்தியது. அதைக் கேட்டு எல்லா மாடுகளும் கத்தின. கொழுந்தன் அதற்குள் இருக்கையில் ஏறிக் கிளப்பிவிட்ட வண்டி மெல்லிய ஓட்டத்தில் உறுமிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக அவர் விரலை விட்டுவிட்டுக் காதை நம்பினார்.

"தம்பி! கீழே போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணி, போட்டாச்சு!"

அண்ணி கையசைத்தார். கொழுந்தன் தண்டைச் சுழல விட்டு, வேகத்தை மெதுவாகக் கூட்டினான். ஜெனரேட்டர் முகப்பில் முள் ஏறி, நிற்க வேண்டிய கோட்டில் நடுங்கி நின்றது. மின்சாரத்தைக் கொட்டகைக்குத் திறந்துவிடும் பிரேக்கரை அண்ணி மேலே தள்ளினார்.

டிராக்டர் கழுத்தை நெரித்ததுபோல் முக்கியது. கரும்புகை கக்கியது. பிரேக்கர் 'டப்' என்று தானே கீழே விழுந்தது. அதே கணத்தில் தீவனப் புல்வெளிக்கு அப்பால், கம்பத்தின் உச்சியில் ஒரு நீல ஒளி வெடித்தது. யாரோ அலறினார்கள்.

"அணை! வண்டியை அணை!"

அண்ணி சேற்றில் ஓடினார். ஓடவில்லை, விழுந்து விழுந்து போனார். சுவிட்சின் கைப்பிடி மேலே இருந்தது. அதைக் கீழே இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பின்னாலேயே கொழுந்தன் வந்தான்.

"தம்பி, நீ எதைக் கீழே போட்ட?"

"முட்டுக்காலைத்தான் அண்ணி. அவ்வளவு நேரம் அதோடதானே மல்லுக்கட்டினேன்? நீங்க வேற எதைக் கேட்டீங்க?"

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் இருட்டில் வண்டி இழுத்த கதை ஒன்று உண்டு. வலப்பக்கத்து எருது, பள்ளம் வந்தால் இடப்பக்கத்தது பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியது. இடப்பக்கத்ததும் அப்படியே எண்ணியது. பள்ளத்துக்குள் விழுந்த பிறகும் இரண்டும் ஒன்றையொன்று, 'நீ பார்த்தாய் அல்லவா?' என்றே கேட்டுக்கொண்டிருந்தனவாம். வண்டிக்குள் இருந்தவனைப் பற்றி இரண்டுமே கேட்கவில்லை.

அண்ணி, கம்பத்தில் இருந்தவரை நினைத்தார். வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கம்பத்தைப் பார்த்தார். லைன்மேன் தரையில் நின்றுகொண்டிருந்தார். உயிரோடு இருந்தார். கம்பியைக் கையால் தொடும் முன், அதில் வரும் மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிடும் எர்த் சங்கிலியைக் கழியால் மாட்டும் பழக்கமுள்ளவர் அவர்; வெடித்தது சங்கிலியில்தான். ஏணியில் இரண்டு படி சறுக்கியதோடு தப்பித்துவிட்டார். ஆனால் அவர் கத்தியது புல்வெளியைத் தாண்டிக் கேட்டது.

"டிரான்ஸ்பார்மர்ல பியூஸைப் பிடுங்கச் சொன்னேனா இல்லையா? என்னைக் கொல்லவா கூட வந்தீங்க மாமா?"

எதிரே நின்றவர் அவருடைய உதவியாள். நரைத்த தலை, தோளில் பை. பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்துக் காட்டினார். "பிடுங்கிட்டேன்யா. இதோ பாரு, பையிலதான் இருக்கு."

"இப்ப பிடுங்கிப் போட்டுக்கிட்டு வந்தீங்களா? அப்ப கரண்டு என்ன வானத்துலேர்ந்தா வந்துச்சு? வயசாச்சு, ஞாபகம் போச்சு. நாளையிலேர்ந்து நீங்க வீட்டுலயே இருங்க. ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்."

முதியவர் தம் கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிடுங்கினோமா, பிடுங்கவில்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதுபோல் இருந்தது.

கொழுந்தன் தணிந்த குரலில் சொன்னான்: "அண்ணி, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. மெயினும் இப்ப கீழே இருக்கு. வண்டியைப் போட்டு முதல்ல கறந்துடலாம். இப்ப போய்ச் சொன்னீங்கன்னா ஜெனரேட்டருக்கே பூட்டுப் போட்டுட்டுப் போயிடுவான். செவலை தாங்காது."

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. அண்ணிக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. கொஞ்ச நேரம் தூணில் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு மறுபடி சேற்றில் இறங்கி, மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அந்த மனுஷன் கையில பியூஸை வச்சுக்கிட்டு முழிக்கிறதைப் பார்த்தியா? அதைப் பார்த்துக்கிட்டே என்னால மடியில கை வைக்க முடியாது தம்பி. நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே."

புல்வெளியில் தண்ணீர் நின்றது. அதைக் கடந்து போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. லைன்மேன் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, மாடு கத்துதா? கத்தட்டும், இங்க மனுஷனே கத்திக்கிட்டு இருக்கேன்."

"கரண்டு வானத்துலேர்ந்து வரலை. எங்க கொட்டகையிலேர்ந்து வந்துச்சு. மெயினைப் பார்க்காம ஜெனரேட்டரைப் போட்டுட்டேன்."

லைன்மேன் வாயைத் திறந்தார். எல்லாம் சேர்ந்து வந்தது. கோடையிலேயே சொன்னதைச் சொன்னார். தன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொன்னார். பொறுப்பில்லாத பொம்பளை என்றும் சொன்னார். அந்தச் சொல் புல்வெளியைத் தாண்டிக் கொட்டகை வரை போயிற்று. அண்ணி தலையைக் குனியவில்லை. 'தம்பியைக் கேட்டேன், அவன் தப்பாகச் சொன்னான்' என்ற ஒரு வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பியூஸ் கட்டைகளை நீட்டினார். லைன்மேனிடம் நீட்டவில்லை, முதியவரிடம் நீட்டினார்.

"இது உங்க பையிலயே இருக்கட்டும் அய்யா. இது இல்லாம எங்க கரண்டு வெளியே வர வழியே இல்லை. என் தப்புக்கு நீங்க பேச்சு வாங்கினீங்க. மன்னிச்சுக்குங்க."

முதியவர் கட்டைகளை வாங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பையில் போட்டார். "அப்ப நான் பிடுங்கினதுதான்" என்றார், தனக்குத்தானே. பிறகுதான் அண்ணியைப் பார்த்தார். "மாடு கத்துதும்மா. போங்க."

லைன்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் தீர்ந்த இடத்தில் களைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது; அவரும் புயல் நாளிலிருந்து வீட்டுக்குப் போகாதவர்தான். "பியூஸ் எங்ககிட்ட இருக்கிற வரைக்கும் ஜெனரேட்டரை ஓட்டிக்குங்க. ஆனா சேஞ்ச் ஓவர் மாட்டினதை என் கண்ணால பார்க்காம உங்களுக்கு லைன் கிடையாது. ஊருக்கெல்லாம் விளக்கு எரியும், உங்களுக்கு எரியாது."

"சரி" என்றார் அண்ணி.

அவர் திரும்பி வந்தபோது கொழுந்தன் வண்டியைத் தொட்டிருக்கவில்லை. செவலையின் அடியில் குந்தி, கல்லான பக்கத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றிக் கையால் பீச்சிக்கொண்டிருந்தான். அண்ணியின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"என் பேரைச் சொல்லலையா அண்ணி?"

"கேட்டது நான். பார்க்காம விட்டது நான். எழுந்து வா, வண்டியைப் போடலாம்."

இந்த முறை அவன் கிண்டல் பேசவில்லை. சேற்றில் இறங்கி மறுகோடிக்குப் போய், கைப்பிடியைத் தொட்டு, "மெயின் சுவிட்ச் கீழே இருக்கு, பியூஸ் இல்லை" என்று முழு வாக்கியமாகக் கூவினான். அண்ணியும் போய்த் தொட்டுவிட்டு வந்தார். முள் கோட்டில் நின்றது. பிரேக்கர் மேலே போயிற்று, விழவில்லை. கறவை இயந்திரத்தின் பெரிய பம்பை முதலில் போட்டு, வண்டி மூச்சைச் சமாளித்துக்கொண்ட பிறகு மற்றவற்றைப் போட்டார்கள். குழாய்களில் பால் வெள்ளையாக ஓடத் தொடங்கியது. கொட்டகை சிறிது சிறிதாக அமைதியாயிற்று. அண்ணி ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இத்தனை நாளில் அன்றுதான் உட்கார்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது கொழுந்தனைக் காணவில்லை. அவன் புல்வெளியின் நடுவே போய்க்கொண்டிருந்தான். கம்பத்தடியில் முதியவர் ஏணியைப் பிடித்து நின்றார். மேலே லைன்மேன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"லைன்மேன் சார்" என்று அண்ணாந்து கூப்பிட்டான். "எங்க அண்ணியைப் பேசினது என்னைப் பேச வேண்டிய பேச்சு. 'கீழே போட்டாச்சா'ன்னு அவங்க கேட்டாங்க. 'போட்டாச்சு'ன்னு சொன்னவன் நான். நான் போட்டது முட்டுக்காலை. கோடையிலேர்ந்து சேஞ்ச் ஓவரைத் தள்ளிப்போட்டதும் நான்தான்."

மேலே முறுக்கும் சத்தம் நின்றது. முதியவர்தான் கேட்டார்: "முட்டுக்காலா?"

"ஆமாங்க அய்யா."

"அது நின்னுச்சா?"

"இல்லீங்க. அதுவும் சாஞ்சுதான் நிக்குது."

முதியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே இருந்தவரும் என்னவோ முனகினார். திட்டா, சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு, "மாமா, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்ற குரல் மட்டும் இறங்கி வந்தது.

கொழுந்தன் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏணியின் இரு காலையும் இறுகப் பிடித்தான். "நீங்க போய் மேட்டுல உக்காருங்க அய்யா. இது முடியற வரைக்கும் நான் பிடிக்கிறேன்."

முதியவர் உடனே கையை எடுக்கவில்லை. அவன் பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகுதான் விட்டார்.