நல்ல தண்ணி

எனக்கு வாய் நீளம். தெருவே சொல்லும். ஆனால் அன்றைக்கு அது நீண்டது தப்பான வாசலில்.

என் வீட்டுக்காரர் மோகனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, ஒன்று, இரண்டு என்று எண்ண மட்டும் வரும். தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டியில் இருக்கும் குண்டுமல்லியில் பூக்களை எண்ணுவார். அந்தச் செடி போனால் மனுஷன் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான்.

எங்கள் தெருவில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றியே முதல் செடியைக் கருகவிட்டேன். அதன்பிறகு மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயைத் திருப்பிவிட்டு, பின்பக்கம் நீல டிரம்மில் பிடித்தேன். கொசு போகாமல் பழைய வேட்டியால் அதன் வாயைக் கட்டினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நல்ல தண்ணி.

சித்திரையில் கொட்டிய ஒரே மழையில் டிரம் நிரம்பியது. அந்த வாரமே மோகனுக்குக் காய்ச்சல் முற்றி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆட்டோவில் ஏறும்போது எதிர்வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன்.

"அக்கா, மாடில செடிக்கு நல்ல தண்ணி மட்டும் ஊத்துக்கா. உப்புத் தண்ணி பட்டா செத்துடும்."

பத்து நாள் கழித்து வந்து வேட்டியை அவிழ்த்தால், டிரம் அப்படியே தளும்புகிறது. ஒரு சொம்புகூட குறையவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"இன்னாக்கா, ஒரு சொட்டுகூட ஊத்தலியா? இனிமே அவரு மேல போயி இன்னாத்த எண்ணுவாரு?"

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னா துர்கா இப்டி பேசற? தெனம் ஒரு கொடம் தூக்கிக்கினு போயி ஊத்துனேனே!"

"எந்தத் தண்ணிய?"

"நீதான நல்ல தண்ணின்னு சொன்ன? தெருக் கொயாய்ல வருதே, அது. வூட்டுக்கு ரெண்டு கொடந்தான் வுடறானுங்க. ஒண்ணு செடிக்கு, ஒண்ணு எனக்குக் குடிக்க. சோத்த உப்புத் தண்ணிலயே பொங்கிக்கினேன். உப்பு மிச்சம், போ."

அடக் கடவுளே! ஊருக்கே நல்ல தண்ணி என்றால் குடிதண்ணீர். மழைத்தண்ணீரை அப்படிச் சொல்வது என் வீட்டில் மட்டும்தான் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. "மன்னிச்சிடுக்கா" என்று அவள் கையைப் பிடித்து அழுதேவிட்டேன்.

அதற்குள் மோகன் பாதிப் படி ஏறியிருந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். செடி பச்சைப்பசேல் என்று நின்றது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய வாடிப்போன பூக்கள்.

"பூத்தன்னிக்கே பறிச்சுத் தலைல வெச்சிருக்கலாமேக்கா?"

"தம்பி எண்ணாம எப்டிம்மா வெப்பேன்? உதுந்ததகூட பொறுக்கிப் போட்டு வெச்சிருக்கேன்."

மோகன் செடியில் இருந்ததை எண்ணினார். பிறகு மெல்லக் குனிந்து, தட்டில் இருந்ததையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"அறுபத்தொண்ணு."

"கரீட்டு தம்பி," என்றாள் அக்கா. "எனக்கும் அதே கணக்குதான் வந்திச்சு."