கல்லமேட்டுக் கால் எலும்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, மின்னஞ்சலில் வந்தது. அறிவியல் கதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவருகிறார்களாம். டைனோசர் பற்றி ஒரு கதை வேண்டுமாம். ‘ஆயிரம் சொற்களுக்கு மிகாமல். நேர்மறையான முடிவு விரும்பத்தக்கது. வெளியீட்டு விழாவில் பொன்னாடை உண்டு.’

என்னிடம் ஏற்கெனவே ஒன்பது பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்றை மடித்துப்போட்டுத்தான் துணி தேய்க்கிறேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த டைனோசர் ஒன்றே ஒன்று. பெரிய தலை, குட்டிக் கை, உலகம் முழுக்க விளம்பரம். அதை வைத்தே தொடங்கினேன்:

ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாலைப் பொழுதில், அந்த மாபெரும் விலங்கு வானத்தை அண்ணாந்து

விட்டுவிட்டேன். வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கதைகளிலும் முடிவுக்கு ஒரு பத்தி முன்னால் வந்து நிற்பார்கள். இன்னொரு தொடக்கம்:

பேராசிரியர் பரமசிவம் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, “தொல்லுயிர் எச்சம் என்பது யாதெனில்” என்றார்.

இந்தப் பேராசிரியர் இரண்டரைப் பக்கம் பேசினார். படித்துப் பார்த்தபோது அவர் குரல் என் குரல் போலவே இருந்தது. நீக்கிவிட்டேன். கதைக்கு நல்லது, எனக்குக் கொஞ்சம் வலித்தது.

2

பேராசிரியர் காலிசெய்த இடத்தில் நூருன்னிசா அக்கா வந்தார். வயது அறுபத்தொன்று. உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் குடுவை கழுவி, தவளையை எண்ணி ஓய்வு பெற்றவர். இப்போது பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத தொண்டூழிய வழிகாட்டி. தமிழில் சுற்றிக்காட்ட அவருக்கு முதன்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. வந்தவர்கள் பதினொரு பேர்: கடல்கடந்து பிழைக்க வந்து கிராஞ்சி விடுதியில் தங்கி, லாரியில் வந்திறங்கிய பத்துத் தொழிலாளர்கள், குறிப்பேட்டோடு நான்.

அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று நீளக்கழுத்து எலும்புக்கூடுகளின் அடியில் நின்று அக்கா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

“அன்பார்ந்த பார்வையாளர்களே! ஈண்டு நீவிர் காணும் தொன்மாக்கள்…”

பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல. நம்மவர்களுக்கு மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு பேர் கூடினால் தமிழுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட வேண்டும்.

(நான் மட்டும் யோக்கியமா? ‘வலித்தது’ என்று மேலே எழுதியது, முதல் வரைவில் ‘நெஞ்சம் விம்மிற்று’ என்றிருந்தது.)

பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். பெயர் சுரேந்தர். கட்டுமான வேலை.

“மேடம், எங்க ஊர் டைனோசர் எங்க வெச்சிருக்கீங்க?”

மற்றவர்கள் சிரித்தார்கள். “ஏ, அது உங்க மாமியாருடா!”

அக்கா சிரிக்கவில்லை. “எந்த ஊர் தம்பி?”

“அரியலூர் பக்கம் மேடம். கல்லமேடு.”

அந்த நொடியில் பட்டு வேட்டி அவிழ்ந்து விழுந்தது. “அல்லா! கல்லமேடா? நெஜமாவா தம்பி? பிருகத்காயோசாரஸ் லா அது!”

3

அக்கா பேசிக்கொண்டே போனதை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். எல்லாருக்கும் அந்தக் குட்டிக் கைக்காரனைத்தான் தெரியும். கோதாவரிப் பக்கம் பராபசாரஸ் என்று ஒன்று கிடைத்தது. பெயருக்கே ‘பெரிய கால்’ என்றுதான் அர்த்தம். நர்மதைக் கரையில் ராஜாசாரஸ். இங்கே பக்கத்து நாட்டிலேயே, பகாங்கில், ஒரு பல். கல்லமேட்டில் கிடைத்ததோ, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம். படித்தவர்கள் முதலில் அதை மாமிசம் தின்பது என்று பதிந்துவைத்தார்கள். பிறகுதான் இலை தழை தின்னும் கூட்டத்தில் சேர்த்தார்கள்.

“அந்த எலும்பு இப்ப எங்க மேடம்?”

“இல்ல தம்பி. தோண்டி எடுத்தாங்க. ஈரத்துல ஊறி உதுந்து போச்சு. வரஞ்ச படமும் கொஞ்சம் போட்டோவும்தான் இருக்கு.”

சுரேந்தர் எதையோ சொல்ல வாயெடுத்து, மற்றவர்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவசரமாக அக்காவின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடினார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: டைனோசர் நிஜம். கல்லமேடு நிஜம். எலும்பு உதிர்ந்ததும் நிஜம். மனிதர்கள் மட்டும் என் கைவேலை. அவர்களைத் தேடிக்கொண்டு கிராஞ்சிக்குப் போய்விடாதீர்கள். திரும்பி வர பஸ் சீக்கிரம் கிடைக்காது.]

4

அடுத்த ஞாயிறு, மாலை நாலு மணி. தேக்காவில் ஒரு டீக்கடை. சுரேந்தர் கேட்டுக்கொண்டபடி அக்கா அருங்காட்சியகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ஏன் அங்கே இருந்தேன் என்றால், கதைக்கு ஆள் வேண்டும்.

“அந்தக் குழி தோண்டுனப்ப கூலிக்குப் போனவரு எங்கப்பா, மேடம்” என்றார் சுரேந்தர். “நாப்பது வருசமா ஊர்ல அவருக்குப் பேரே டைனோசர் முத்தையாதான். டீக்கடைக்குப் போனா, ‘என்ன பெரிப்பா, இன்னிக்கு எத்தன டைனோசர் புடிச்ச’ம்பானுங்க. போன வருசம் ஒருத்தன், அது எலும்பே இல்ல, கல்லாப்போன மரக்கட்டன்னு போன்லேர்ந்து படிச்சுக் காட்டிட்டான். அன்னையிலேர்ந்து அப்பா அந்தக் கடைப்பக்கமே போறதில்ல. நீங்க ஒரு வார்த்த எலும்புதான்னு சொல்லிடுங்க.”

“கன்ஃபார்மா சொல்ல முடியாதே தம்பி. எலும்புன்னு சொல்றவங்கதான் அதிகம். ஆனா மரமா இருக்கலாம்னும் சில பேர் சந்தேகப்பட்டாங்க. பொருளு கையில இல்லியே.”

“சட்ட போட்டிருக்கீங்கல்ல மேடம்.”

“சட்ட போட்டா உண்மையாயிடுமா?”

“எங்க ஊர்ல ஆயிடும்.”

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தார். திரையில் முண்டா பனியனோடு ஒரு பெரியவர் வந்தார்.

“வணக்கம்மா. டீ குடிச்சீங்களா?”

“குடிக்கிறேன் அண்ணே. நீங்க அந்த எலும்பத் தொட்டீங்களா அண்ணே? கையால?”

“தொட்டதா? நாந்தாம்மா கட்டுனேன்.” முத்தையா இரண்டு கைகளையும் விரித்துக்காட்டினார். “கால் ஒடிஞ்சவனுக்கு மாவுக்கட்டு போடுவாங்கல்ல, அதே மாதிரி. சாக்குத் துணிய மாவுல நனைச்சு நனைச்சு சுத்தணும். அப்பதான் லாரியில உதறாது. மூணு சுத்து சுத்துன்னாங்க. மேக்கால மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் ரெண்டு சுத்தோட விட்டுட்டேன்.”

டீக்கடைச் சத்தம் முழுக்க எங்கள் மேசைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

“யாருகிட்டயும் சொல்லல. போய்ச் சேர்றதுக்குள்ள உதுந்து போச்சுன்னாங்க. எத்தனையோ கோடி வருசம் மண்ணுக்குள்ள முழுசா கெடந்தது. எங்கிட்ட ஒரு நாளு இருந்துச்சு.”

“அப்பா, என்னப்பா…”

“நீ சும்மா இருடா. கடைக்குப் போகாதது அவனுங்க கேலிக்காகன்னா நெனச்ச? மரம்னு அவன் படிச்சப்ப எனக்கு அம்புட்டு சந்தோசம். இன்னொருத்தன் வந்து இல்ல எலும்புதான்னு சொல்லிடுவானோன்னுதான் போகல.” பெரியவர் திரைக்கு அருகில் வந்தார். “அம்மா, நீங்க படிச்சவங்க. அது மரம்தானே?”

5

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை.

முடிவு ஒன்று. “மரம்தான் அண்ணே” என்கிறார் அக்கா. பெரியவர் இன்றிரவு தூங்குவார். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்காக ஊரோடு சண்டை போட்ட மகன், பொய்யனுக்குப் பிறந்தவனாகிவிடுவான். சட்டையைக் கழற்றும்போது அக்கா கண்ணாடியைப் பார்க்கமாட்டார்.

முடிவு இரண்டு. “எலும்புதான் அண்ணே.” மகன் மேசையைத் தட்டிச் சிரிக்கிறான். திரையில் இருப்பவரை நீங்கள் எழுதுங்கள். என்னால் முடிய

முடிவு மூன்றை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவே செய்தார். மண்ணின் ஈரம், எலும்பின் பலவீனம், அங்கே கிடைப்பவை எளிதில் பொடியாகும் தன்மை, பத்துச் சுற்றுச் சுற்றியிருந்தாலும் நின்றிருக்காது என்பதற்கான வாய்ப்பு, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கண்டிப்பாகத் தெரியாது என்பதையும் சொன்னார். ஒரு செந்தமிழ்ச் சொல்கூட இல்லை. அவ்வளவும் நேர்மையானது. தொகுப்பாளர்கள் கேட்ட நேர்மறை முடிவுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நான் பொன்னாடைக்குத் தோளைக் காட்டியிருக்கலாம்.

முத்தையா முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. “சரிம்மா” என்றார். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்கள் சொல்லும் ‘சரிம்மா’.

பிறகு, “மரமாம்மா, எலும்பாம்மா?” என்றார்.

6

சுரேந்தர் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார், எழுதுகிறவன் நீதானே என்பதுபோல. நான் டீயைப் பார்த்தேன். ஆறியிருந்தது.

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. எந்த டைனோசருக்கும் பதில் சொல்லிவிடும் ஆள்தான் நான். இந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே போனை மேசைமேலேயே மெதுவாக உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். கல்லமேட்டில் சிக்னல் இருக்கிறது. கடைக்காரரும் இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

சத்தத்தில் சரியாகக் கேட்காதென்று முத்தையா போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டார். இப்போது திரையில் முகம் இல்லை. நரைத்த முடியோரம் ஒரு காது மட்டும், பெரிதாக, மிக அருகில், உங்களுக்காகக் காத்திருக்கிறது.