குறைந்ததும் ஒதுக்கியதும்

நாங்கள் பட்டு நூலை நிறுத்து வாங்கி, நெய்த சேலையை நிறுத்துக் கொடுப்பவர்கள். இடையில் எடை குறைந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: நெய்தவன் எடுத்துக்கொண்டான். அந்தச் சொல் எங்கள் வாசல் ஏறியதில்லை.

1974 ஐப்பசியில் அது ஏறியது. என் மகன் உமாபதியோடு சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் வீரபாகு ஊருக்கு வந்திருந்தான். "உமாபதி பொறுப்புல இருக்கிற டிஸ்க்குல அளவு குறையுதாம் மாமா. ஆபீஸ் பூரா அதே பேச்சு" என்றான்.

டிஸ்க் என்பது கம்ப்யூட்டர் தன் கணக்கைப் பதிந்து வைக்கும் தட்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். குறைந்ததை நெய்தவன் தன் வீட்டுப் பட்டிலிருந்து ஈடுகட்டுவது எங்கள் வழக்கம். நல்ல பட்டாகப் பார்த்து மூட்டை கட்டினேன்.

"கம்ப்யூட்டருக்குப் பட்டு எதுக்குங்க?" என்றாள் என் மனைவி வடிவாம்பாள்.

"ஈடுன்னா ஈடுதான்."

சென்னைக்குப் போக மூட்டையோடு பஸ் நிலையத்தில் நிற்கும்போது, அங்கிருந்து வந்த பஸ்ஸில் உமாபதியே இறங்கினான்.

"எடுத்தது எங்கேடா?"

"எதுப்பா?"

"டிஸ்க்குல குறையுதாமே."

மூட்டையைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு தெரிந்தது.

"யாரும் எதையும் எடுக்கலப்பா. தட்டு முழுசாத்தான் இருக்குது. மேல்பூச்சு அங்கங்க பழுது. அங்க எழுதினா கணக்கு அழிஞ்சிடும். அதனால அந்த இடத்துல எழுதாதேன்னு குறி போட்டாச்சு. பதிலுக்குன்னு விட்டிருந்த இடமும் தீர்ந்துபோச்சு. மெஷின் நல்ல இடத்தை மட்டும்தான் எண்ணிச் சொல்லுது. அதான் மொத்தம் கம்மியா காட்டுது."

"குறி போட்டது யாரு?"

"நான்தான். போடாம விட்டிருந்தா அளவு சரியா காட்டியிருக்கும். எழுதினதுதான் காணாம போயிருக்கும்."

எனக்கு மூச்சு சீராக வந்தது. நூல் சுற்றும்போது நைந்த இழையை நாங்களும் அறுத்து ஒதுக்குகிறோம். சேலையை நிறுக்கும்போது அதையும் கூடவே தராசில் வைக்கிறோம். அதைக் குறைந்தது என்று எவனும் சொல்லமாட்டான்.

உமாபதியை நேரே வீரபாகு வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"குறையுதுன்னு இனிமே சொல்லாதே. ஒதுக்கியிருக்குதுன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

உள்ளே தறியில் இருந்த அவன் அப்பாவின் குரல் வந்தது. "ஒண்ணு இல்லடா. மாமாகிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டான். போதும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் வடிவாம்பாள் மூட்டையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"எடை சரியாத்தான் இருக்குது" என்றாள்.