சாரி கார்டில் ஏறிய பாகற்கொடி

"ஆண்குலத்தோட வீழ்ச்சி இந்த சாரி கார்டுலதான்லே ஆரம்பிச்சுது" என்று ஆசிப் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கையில் ஸ்பானர் இருந்தது. சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் அவன் வாப்பா வாங்கிக் கொடுத்த க்ரூஸர் பைக், தென்காசியில் அவன் வீட்டு வாசலில் நின்றது. பின்சக்கரத்தின் இடப்பக்கம், சேலை உள்ளே போய்விடாமல் இருக்கக் கம்பெனிக்காரன் மாட்டியிருந்த கம்பிக்கூட்டை அவன் கழற்றிக்கொண்டிருந்தான். போல்ட்டுகளைக் கையில் வாங்கும் பொறுப்பு எனக்கு. நாலாவது போல்ட்டில் ஒரு குலம் மீண்டது.

அதோடு நிற்கவில்லை. ஒரு மாதத்தில் உயரமான ஹேண்டில்பார் போய்த் தட்டையாக ஒன்று வந்தது. கால் மிதிகள் ஒரு சாண் முன்னே போயின. மெத்தென்று இருந்த சீட்டைச் சீவி, பின்னால் உட்காருபவருக்கு ஒரு இட்லித்தட்டு அளவு விட்டுவைத்தான். காலையும் முன்னால் நீட்டி, கையையும் முன்னால் நீட்டி, ஓடுகிற மடக்கு நாற்காலி மாதிரி போவான். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் வண்டியோடு போட்டோ எடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் குப்புறப் படுக்கை. அவன் உம்மா ஷமீம் பானு மாமி அந்த முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொல்வாள்: "பாரு ஹுஸைஃபா, தொழுகையில குனியச் சொன்னா முதுகு வலிக்குதுங்கான். வண்டியில மட்டும் ஊரு பூரா ருக்கூவுலயே போதான்."

கழற்றிய கம்பிக்கூட்டை மாமி வீணாக்கவில்லை. கொல்லையில் ஊன்றி, பாகற்கொடியை அதில் ஏற்றிவிட்டாள்.

"பாத்தியாலே, இப்பதான் அது அதுக்கேத்த வேலை பாக்குது" என்றான் ஆசிப்.

ஜூலையில் சாரல் இறங்கியது. ஊரிலிருந்த ஆட்டோவெல்லாம் அருவிக்குப் போய்விட்டன. ஐந்தருவிப் பக்கம் இருக்கும் மாமியின் தங்கை சமீனாவுக்கு அன்று பிரசவமாகி நாற்பதாம் நாள். வேறு வழியில்லாமல் மாமி இட்லித்தட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மடியில் பலகாரத் தூக்குவாளி. நான் மொபெட்டில் பின்னால் போனேன்.

ஐந்தருவி ரோட்டில் பழக்கடைகளை ஒட்டிக் கூட்டம். ஆசிப் மெதுவாகத்தான் போனான். சாரலோடு ஒரு காற்று வந்தது. மாமியின் பர்தா முக்காட்டின் ஓரம் எழும்பி, கொஞ்சம் யோசித்தது மாதிரி நின்று, சக்கரத்தின் பக்கம் சாய்ந்தது. நான் பார்த்தேன். நாள் முழுக்க வாய் ஓயாத எனக்கு 'ஏலே' என்கிற இரண்டு எழுத்து வரவில்லை.

துணி உள்ளே போனதற்குச் சத்தமே இல்லை. தூக்குவாளியின் மூடி மட்டும் தனியாக ரோட்டில் உருண்டு போனது. வண்டி நின்றபோது மாமி தரையில் கிடந்தாள். கழுத்தைத் துணி இறுக்கியிருந்தது. முகம் கறுத்து, ஒரு கை காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஆசிப் ஹேண்டில்பாரை விடவில்லை. விட்டால் வண்டி உம்மா மேல் விழும். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தபடி, குனிந்த வாக்கில் அப்படியே உறைந்திருந்தான்.

மங்குஸ்தான் விற்கும் மாரிச்செல்வி அக்காதான் பழம் வெட்டும் கத்தியோடு ஓடிவந்து, ஒரே இழுப்பில் துணியை அறுத்தாள். மாமி இருமினாள். ஒரு இருமலுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அக்கா சக்கரத்தைப் பார்த்தாள். ஆசிப்பைப் பார்த்தாள். "ஏலே, வண்டிய இம்புட்டு பளபளன்னு வச்சிருக்கியே, சேலைக் கம்பி எங்கலே?"

ஆசிப் வாயைத் திறந்தான்.

"நாந்தாம்மா கழட்டச் சொன்னேன்" என்றாள் மாமி, கழுத்தைத் தடவிக்கொண்டே. குரல் கீறலாக வந்தது. "பாவக்கொடிக்கு வேணும்னு."

மாரிச்செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கே! ஒரு பாவக்காய்க்கா உசுரக் குடுப்பாவ?"

ஆசிப் உம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. "அந்த மூடி எங்கன போச்சுன்னு பாரு ஹுஸைஃபா" என்றாள்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். ஆண்குலத்தின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு வரி தயாராக வைத்திருந்தேன். கொல்லையில் ஆசிப் கம்பிக்கூட்டின் முன்னால் குத்தவைத்திருந்தான். பக்கத்தில் ஸ்பானர். ஒரு காகிதத்தின் மேல் நாலு போல்ட்டுகள். இத்தனை நாள் அவற்றை எங்கே வைத்திருந்தான் என்று நான் கேட்கவில்லை. வரியையும் சொல்லவில்லை.

கொடியை வெட்டினால் ஒரு நிமிஷ வேலை. அவன் வெட்டவில்லை. கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்த சுருள்களை ஒவ்வொன்றாக நகத்தால் தளர்த்தி, புதிதாக ஊன்றிய குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தான். முதுகு நிமிரவே இல்லை. நான் போய்க் குச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பிஞ்சு மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயே வளர்ந்து, கம்பியின் வளைவுக்கு வளைந்திருந்தது. ஆசிப் அதை இப்படித் திருப்பிப் பார்த்தான், அப்படித் திருப்பிப் பார்த்தான். அடுக்களை ஜன்னலில் மாமி நின்றிருந்தாள், கழுத்தில் சிவப்பாக ஒரு கோட்டோடு. அவன் பிஞ்சைக் கீழிருந்து உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் கம்பியை மெல்ல அகட்டத் தொடங்கினான்.